கற்பூரச் சுடர் சாய்ந்த பக்கம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஸாலிஹ் முதலாளியின் அலுமினியச் சட்டிப் பட்டறை இருந்தது. ஓட்டைக் கேத்தலும் நசுங்கிய தாச்சியும் உடைந்த ஜன்னல் சட்டமும் சாக்குச் சாக்காக உள்ளே போகும். பளபளவென்று புதுச் சட்டிகள் வெளியே வரும். அதற்கு நடுவில் உருக்குகிற வேலை முழுக்க சின்னராசாவின் உலையில்தான்.

சின்னராசாவை எப்படிச் சுற்றி வந்தாலும் எனக்கு மச்சான் முறை. அவருடைய தாய் வெள்ளையம்மா என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பிறகு அவர் கட்டியதோ என் சின்னம்மா மகள் ஆறாயியை. கலியாணம் ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. அன்றைக்குப் பெய்த மழையில் மாப்பிள்ளையின் வேட்டி நனைந்துபோக, அவருடைய தகப்பன் அதைக் கொண்டுபோய்த் தேயிலைத் தொழிற்சாலை அடுப்பருகே பிடித்துக் காய வைத்துக் கொண்டுவந்தார். வேட்டியில் தேயிலை மணத்தது என்று ஆறாயி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் தகப்பன் தேயிலை காய வைக்கும் பெரிய விறகு அடுப்பைப் பார்த்தவர். கதவைக் கொஞ்சம் திறந்து, புகைபோக்கியை முழுதாகத் திறந்து விட்டால் அடுப்பு உறும ஆரம்பிக்கும். உறுமல் குறைந்தால் மேலே இருந்து யாராவது சத்தம் போட்டுக்கொண்டு இறங்கி வருவார்கள். மகனும் அந்த உறுமலைக் கேட்டே வளர்ந்தார். அதனால் கொழும்புக்கு வந்து முதலாளியிடம் சேர்ந்த பிறகும், நெருப்பைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பதுதான் அவருக்குப் பழக்கம்.

பட்டறை உலை முதலில் எண்ணெயில்தான் எரிந்தது. சண்டை கொழும்பு வரைக்கும் வந்து கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த நாளில் கறுப்புப் புகை எங்கள் பக்கத்து வானத்தையும் மூடிவிட்டது. அதன்பிறகு எண்ணெய் இன்றைக்கு வரும், நாளைக்கு வராது என்று ஆனது. முதலாளி எண்ணெய் பேர்ணரைக் கழற்றிப் போட்டுவிட்டு கேஸ் பேர்ணர் பூட்டினார். முற்றத்தில் ஆளுயரச் சிலிண்டர்கள் வரிசையாக வந்து நின்றன. பேர்ணர் மட்டுந்தான் புதிது. உலை பழையது, புகைபோக்கி பழையது, சின்னராசாவின் காதும் பழையது. காற்றை உள்ளே தள்ளும் புளோவரின் வாயை முழுக்கத் திறந்து வைத்தார். உலை ரயில் வருவதுபோல இரைந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அந்த இரைச்சலில் ஆறாயிக்கும் ஒரு பங்கு இருந்தது. பட்டறையின் பின்சுவருக்கு மறுபக்கம், முதலாளி கொடுத்த ஒற்றை அறையில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அந்தக் காலத்தில் தெருவில் இறங்கிய தமிழ் ஆள் திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு நெஞ்சு தண்ணீராக இருக்கும். பொலிசார் மறித்து அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, முதலாளியின் பெயர் எல்லாம் கேட்பார்கள். சில வேளை பட்டறைக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், விசாரித்துவிட்டு விடுவார்கள். ஆறாயி அரிசி களைந்துகொண்டே சுவருக்கு அப்பால் காது கொடுப்பாள். உலை இரைந்தால் புருசன் உலையடியில் நிற்கிறார் என்று அர்த்தம்.

ஒரு நாள் முதலாளி சிலிண்டர் வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் வெறும் சத்தம் கொடுத்தன.

"ராசா, ஒன்ட உலை கேஸ் குடிக்கல்ல. கேஸால குளிக்குது."

"உருக்கணும்னா நெருப்பு வேணுங்களே முதலாளி."

"நெருப்பு வேணாமெண்டா நான் சொல்றன்? இவ்வளவு என்னத்துக்கெண்டுதான் கேக்கிறன்." முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இப்பிடியே போனா வருசம் முடியக்குள்ள உலைய மூடோணும். வெட்டின தகட்டு வட்டம் வாங்கி மெசின்ல அமுக்கிச் சட்டி எடுக்கலாம். மத்தவங்க எல்லாரும் அப்பிடித்தான் மாறிட்டாங்க. ஒளிச்சு வெச்சு என்னத்துக்கு, இப்பவே சொல்றன்."

உலை மூடினால் உலைக்காரருக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அந்த அறை இல்லை, பொலிஸ் பதிவுக்குச் சொல்ல முதலாளியின் பெயரும் இல்லை. தோட்டத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மற்ற நேரமாக இருந்தால் சின்னராசா அதற்கும் சரியென்று மூட்டையைக் கட்டியிருப்பார். ஆனால் ஆறாயி அப்போது முழுகாமல் இருந்தாள். தோட்டத்தில் இருந்த காலத்தில் இரண்டு தடவை தங்கி, தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவைதான் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா கையைப் பிடித்து, "இந்தப் பக்கமே இரு, எங்கேயும் பஸ்சில் குலுங்கிக்கொண்டு போகாதே" என்று சொல்லியிருந்தார். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்த அறை வேண்டும். அதற்கு உலை எரிய வேண்டும்.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. வெள்ளவத்தையில் தமக்கை வீட்டில் தங்கியிருந்த இராஜநாயகம் என்ற என்ஜினியரைக் கூட்டிவந்தார். வடக்கில் ஒரு பெரிய ஆலையில் உலைப் பகுதியைப் பார்த்தவர். சண்டையில் ஆலை நின்றுபோக, பெட்டியோடு கொழும்புக்கு வந்தவர். மெலிந்த மனுசன். கையில் ஒரு தகரப் பெட்டி.

"பிந்திப் போச்சு. மன்னிக்கோணும்," என்றார். "சோதனைச் சாவடியில பெட்டியைத் திறக்கச் சொன்னாங்கள். ரப்பர்க் குமிழையும் கண்ணாடிக் குழாயையும் பாத்திட்டு டொக்டரோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டு சொல்லிட்டன்."

சட்டிகளுக்குப் பொலிஷ் போடுகிற பேர்ணடெற் வேலையை நிறுத்தாமலே கேட்டாள். "ஆருக்கு டொக்டர் சேர்?"

"உலைக்கு, பிள்ளை."

"அப்ப முதல்ல ராசா அண்ணனைப் பாருங்க. உலைக்குக் காய்ச்சல் வந்தா அவருக்குத்தான் இருமல் வாரது."

புகைபோக்கியில் ஒரு துளை போட்டு, குழாயை நுழைத்து, ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கி உள்ளே இருக்கும் புகையை இழுத்தார் இராஜநாயகம். கண்ணாடிக் குழாய்க்குள் சிவப்புத் தண்ணீர் கொஞ்சம் ஏறி நின்றது. அவர் உச்சுக் கொட்டினார்.

"சின்னராசா, இஞ்ச பாரும். நல்லா எரிஞ்ச புகையெண்டால் இந்தத் தண்ணி இன்னும் மேல ஏறும். உம்மட புகைபோக்கியால போறதில பாதி வெறுங்காத்து. கேஸ் எரியத் தேவையான காத்தைவிட மிச்சமாக் குடுக்கிறீர். அந்த மிச்சக் காத்தும் சூடாகி மேல போகுது. துறைமுகக் காத்தைச் சூடாக்கி வானத்துக்கு அனுப்புறீர்."

"காத்துக் குடுத்தாத்தானே சாமி நெருப்பு புடிக்கும்?"

"விறகுக்கு அப்பிடித்தான். விறகு தன்ர பாட்டுக்கு எரியும், ஊத ஊத வேகம் எடுக்கும். கேஸ் வேற சாதி. அது கேக்கிற அளவு காத்தைக் குடுத்தால் போதும். குறைச்சாலும் பிழை, கூட்டினாலும் பிழை."

இரண்டு பேருமாக புளோவர் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தார்கள். ஓரிடத்தில் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கியது. எல்லோருக்கும் கண் எரிந்தது. "இது நஞ்சு, திரும்பத் திறவும்," என்றார் இராஜநாயகம். இத்துனூண்டு திறந்ததும் சுடர் நீலமாகி, நுனியில் மட்டும் மஞ்சள் மினுங்க, உலையின் வயிற்றுக்குள் மெத்தென்று படுத்துக்கொண்டது. சிவப்புத் தண்ணீர் மேலே ஏறியது. இரைச்சல் அடங்கிவிட்டது. பேர்ணடெற் முணுமுணுத்துக்கொண்டிருந்த மாதா பாட்டு முதல் தடவையாகப் பட்டறை முழுக்கக் கேட்டது. அவளே கூச்சப்பட்டு நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு படாரென்று திறந்தது. ஆறாயி நின்றாள். தலையில் பாதி எண்ணெய், கையில் அடையாள அட்டையும் கலியாணப் பதிவும் வைத்த பொலித்தீன் பை. மூச்சு வாங்கியது.

"எங்க அவரு? எந்தப் பொலிசுக்குக் கொண்டு போறாங்க?"

சின்னராசா உலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். அவள் அப்படியே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் நின்னுருச்சே," என்றாள். "நா என்னன்னு நெனைக்கிறது?"

பேர்ணடெற் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "புருசனைப் பிடிச்சுக்கொண்டு போனா பையோட ஓடி வாறாய். உலையைப் பிடிச்சுக்கொண்டு போனா ஒருத்தரும் ஓடி வர மாட்டினம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆறாயியும் சிரித்தாள். ஆனால் அந்தப் பொலித்தீன் பையை அவள் கையை விட்டு வைக்காததை சின்னராசா பார்த்தார். மறுநாள் காலையில் இராஜநாயகம் இல்லாத நேரம் புளோவர் வாயை மறுபடி முழுக்கத் திறந்துவிட்டார். உலை பழையபடி இரைந்தது. சுவருக்கு அப்பால் ஆறாயி நிம்மதியாகத் துணி துவைத்தாள்.

அடுத்த முறை வந்த இராஜநாயகத்துக்கு ஒழுங்கை முனையிலேயே விசயம் விளங்கிவிட்டது. உள்ளே வந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

"ஆர் திறந்தது?"

"நாந்தாங்க ஐயா."

"ஏன் காணும்? நல்லாத்தானே எரிஞ்சது?"

சின்னராசா பின்சுவரைப் பார்த்தார், கசடு வாரும் இரும்புக் கோலைப் பார்த்தார். கடைசியில் சொன்னார். இராஜநாயகம் கோபிக்கவில்லை. அவருடைய தமக்கையும் வெள்ளவத்தையில் பஸ் சத்தம் கேட்டால் தம்பி வந்துவிட்டாரா என்று ஜன்னலைத் திறந்து பார்க்கிறவர்தான். "அப்ப இது என்னட்ட இல்லை, பிள்ளையிட்டத்தான் கேக்கோணும்," என்றார்.

ஆறாயியைக் கூப்பிட்டார்கள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் புருசனைத்தான் முறைத்தாள்.

"எனக்குச் சத்தம் வேணுமின்னு யாரு சொன்னா? எனக்கு அந்த ரூம்பு வேணும். டாக்டரம்மா வேணும். நீங்க உலையக் கொறச்சு எரிங்க."

"நீ பயப்படுவியே புள்ள."

"கதவ மூடுறப்ப எல்லாம் அந்தக் கோல எடுத்துத் தூண்ல ஒரு தட்டு தட்டுங்க. கேட்டுக்கிறேன்."

அவ்வளவுதான். உலைக் கதவைத் திறந்து பழைய சாமான் போட்டு மூடுகிற ஒவ்வொரு தடவையும் சின்னராசா கோலால் இரும்புத் தூணில் ஒரு தட்டுத் தட்டினார். டங். மறுபக்கத்தில் இருந்து சில வேளை அகப்பையால் ஒரு பதில் தட்டு வரும். "கோயில் மணியா, வேதக் கோயில் மணியா எண்டு முதல்ல தீர்மானியுங்க," என்று பேர்ணடெற் சொல்லுவாள். "நான் ஒவ்வொரு தட்டுக்கும் சிலுவை போட்டுக் கையே வலிக்குது."

சிலிண்டர்கள் முன்பைவிட நின்று பிடித்தன. முதலாளி வந்து தட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் முழுக்க இல்லை. "நல்லம் ராசா. ஆனா போதாது. தகட்டு வட்டக்காரன வருச முடிவில வரச் சொல்லி ஈக்கிறன்," என்றார். இராஜநாயகமும் புகைபோக்கியடியில் நின்று குமிழை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். தண்ணீர் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை. புளோவர் வாய் சரியாகத்தான் இருந்தது. மிச்சக் காற்று எந்த வழியாக வருகிறது என்று அவருக்கும் பிடிபடவில்லை.

அப்படியிருக்கும்போது ஆயுத பூசை வந்தது.

பட்டறை முஸ்லிம் முதலாளியுடையது. என்றாலும் அந்த ஒரு காலை மட்டும் தோட்டத்து ஆட்களுடையது. முதலாளி தெருப்பக்கமாக நின்று குசலம் விசாரித்துவிட்டு, கூடை நிறைய முந்திரிகைக் குலைகளும் சோடாவும் அனுப்பிவிட்டுப் போய்விடுவார். ஆயுதங்களை எல்லாம் கழுவிப் பொட்டு வைப்பார்கள். ஆனால் உலையை அணைக்க மாட்டார்கள். அணைந்த அடுப்புக்குப் பூசை செய்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையிலும் அப்படித்தான். உள்ளே கொஞ்சமாவது நெருப்பு கிடக்க வேண்டும். சின்னராசா சுடரைத் தணித்து, கதவை மூடி வைத்தார்.

மற்ற வருசங்களில் கற்பூரத் தட்டை வாசல் மேசையில்தான் வைப்பார்கள். அந்த வருசம் ஆறாயி கேட்கவில்லை. "உலைக்குத்தானே ஆபத்து. உலை வாசலிலேயே வைப்போம்," என்று கதவுக்குக் கீழே இருந்த கல்லில் தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றினாள்.

சுடர் நேராக நிற்கவில்லை. கதவுப் பக்கமாகச் சாய்ந்து, படுத்து, அணைந்துபோனது. இன்னொரு கட்டி ஏற்றினாள். அதுவும் சாய்ந்து அணைந்தது.

எல்லோரும் தட்டையே பார்த்தார்கள். வார்ப்பு வேலை பார்க்கிற வேலுசாமிதான் வாயைத் திறந்தார். "தங்கச்சி, மூணாவது கட்டி வைக்காத. இது நல்லதுக்கில்ல. உலைய மூடப் போறதத்தான் காட்டுது."

ஆறாயியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. சின்னராசாவின் முகம் கறுத்துவிட்டது. பூசைக்கென்று வெள்ளவத்தையில் இருந்து வந்திருந்த இராஜநாயகம், நெற்றி நிறைய விபூதியோடு, மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார்.

"தட்டை எடுக்காதையும் பிள்ளை. இன்னொரு கட்டி வையும்."

அவள் புருசனைப் பார்த்தாள். சின்னராசா தயங்கினார். பிறகு தானே ஒரு கட்டியை எடுத்து, கதவின் மறுபக்க மூலையில் வைத்து ஏற்றினார். அங்கேயும் சுடர் கதவை நோக்கித்தான் சாய்ந்தது. அவர் தட்டைத் தூக்கிக் கதவின் தலைப்பக்கம் பிடித்தார். சுடர் அங்கேயும் உள்ளே வளைந்தது.

"இது என்னங்க இது," என்றார். "அந்தப் பக்கம் வச்சா இங்கிட்டு சாயுது. இந்தப் பக்கம் வச்சா அங்கிட்டு சாயுது. வாசக் காத்துன்னா எல்லாம் ஒரே பக்கமாத்தானே சாயணும்?"

"ஓம்," என்றார் இராஜநாயகம். அவருடைய குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "வாசல் காத்தில்லை. உலை மூச்சிழுக்குது. நாங்கள் புளோவர் வாயை மூடினம், அது கதவிடுக்கால களவா இழுக்குது. நான் புகைபோக்கியடியிலயே நிண்டன், கதவடியில குந்திப் பாக்கேல்லை. நீர் கதவடியில நிண்டீர், ஆனால் எந்த நாளும் கதவைத் திறக்கிற அவசரம்."

"புகைபோக்கி முழுக்கத் தொறந்து கெடக்கே ஐயா. அதுதான் இழுக்குது." சின்னராசா நெற்றியைத் தடவினார். "எங்கப்பா அடுப்பு அப்பிடித்தான் இழுக்கும். இழுக்கணும்னுதான் தொறந்து விடுவாரு."

"விறகுக்கு அந்த இழுவை வேணும். இதுக்கு வேண்டாம். மேல ஒரு தகடு இருக்கோணுமே?"

இருந்தது. புகைபோக்கியின் கழுத்தில் ஒரு மூடித் தகடு, எண்ணெய்க் காலத்துக் கரியில் புதைந்து, திறந்தபடியே துருப்பிடித்துக் கிடந்தது. அதை எல்லோரும் சும்மா ஒரு இரும்புத் துண்டு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"அப்ப சகுனம்?" என்று கேட்டார் வேலுசாமி. அவருக்கு அது தீராமல் இருந்தது.

"சகுனந்தான்," என்றார் இராஜநாயகம். "நல்ல சகுனம். அம்மாள் விரல் நீட்டிக் காட்டினா. நாங்கள் கண் வைச்சுப் பாக்கோணும், அவ்வளவுதான்."

ஆறாயி கடைசிக் கட்டிக் கற்பூரத்தை மேசையில் ஏற்றினாள். அது நேராக நின்று முழுக்க எரிந்தது. வேலுசாமி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்திரிகைப் பழத்தைப் பார்க்கப் போனார்.

பூசை கழிந்ததும் உலையை ஆற விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டை அசைய வைத்தார்கள். அதற்கு ஒரு சங்கிலி பூட்டினார்கள். கதவைச் சுற்றி நெருப்புக் களிமண் பூசி இடுக்கை அடைத்தார்கள். மறுபடி பற்ற வைத்ததும் சின்னராசா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தகடு கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. ஓரிடத்தில், கதவின் ஓரத்தில் ஒரு சின்னச் சுடர் நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"அதுதான் அளவு. இனி அது காத்தை இழுக்காது. அந்த நாக்கு நுனியைப் பாத்துக்கொண்டால் சரி," என்றார் இராஜநாயகம்.

"அடங்காத பொம்புள மாதிரி நாக்க நீட்டுதுங்க."

"ராசா அண்ணே, இஞ்ச ஒரு பொம்பிளை நிக்கிறன்," என்றாள் பேர்ணடெற்.

கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் சொன்ன உயரத்துக்கு ஏறியது. உலை பூனை தூங்குகிற மாதிரி ஒரு முனகலோடு எரிந்தது. அலுமினியம் முன்பைவிடச் சுறுக்காக உருகியது. மேலே மிதக்கும் கசடும் குறைந்தது. மிச்சக் காற்றுத்தான் அலுமினியத்தைத் தின்று கசடாக்கிக்கொண்டிருந்ததாம். சின்னராசாவுக்கு இந்த ஒரு விசயம்தான் எல்லாவற்றையும்விட அதிசயம். வருகிற போகிற சொந்தக்காரரிடமெல்லாம் கசடைப் பற்றித்தான் பேசினார். நான் ஆறாயியைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கசடு வாளியைக் காட்டினார்.

வருச முடிவு நெருங்கியது. கேஸ் லொறி வழக்கமான நாளில் வந்து ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. லொறிக்காரன் சிங்கள ஆள், முதலாளிக்குப் பழக்கம். முற்றத்துக்குள் எட்டிப் பார்த்தான். போன முறை இறக்கிய சிலிண்டர்களில் ஒரு வரிசை இன்னும் முத்திரை உடைக்காமல் நின்றது. புதியதை வைக்க இடம் இல்லை. உள்ளே இருந்து சத்தமும் இல்லை. அவனுடைய முகம் இரக்கமாகிவிட்டது.

"முதலாளி, வெட நவத்தலாத?" என்றான். வேலையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்கிறான்.

ஸாலிஹ் முதலாளி சிலிண்டர் வரிசையைப் பார்த்தார். அப்போது உள்ளே சின்னராசா கதவை மூடிவிட்டுத் தூணில் தட்டினார். டங். சுவருக்குப் பின்னால் இருந்து அகப்பை பதில் சொன்னது.

"நே," என்றார் முதலாளி. "பத்து வெனவா." இல்லை, எரிகிறது.

லொறிக்காரன் நம்பவில்லை. உள்ளே வந்து உலைக்கு நேரே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். கொண்டுவந்த சிலிண்டர்களில் பாதியை இறக்காமலே கொண்டு போனான்.

தகட்டு வட்டத்தைப் பற்றி முதலாளி அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. உலையைத் தொடர்ந்து நடத்துவேன் என்றும் சொல்லவில்லை. அவர் அப்படி நேரே சொல்லுகிற ஆள் இல்லை. ஒரு கிழமை கழித்து வந்து உலைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ராசா, உள் செங்கல் தேஞ்சு ஈக்கிது. புதுக் கல்லுக்குச் சொல்லி ஈக்கிறன். சித்திரைக்குப் பொறகு மாத்துவம்," என்றார்.

மூடப்போகிற உலைக்கு யாரும் புதுக் கல் வாங்க மாட்டார்கள். சின்னராசா கசடு வாரப் போனார். பேர்ணடெற்தான் பொலிஷ் துணியைப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். "ஆறாயி, கல்லாம். சித்திரைக்குப் பிறகாம்." ஆறாயி அடுப்பில் இருந்த சோற்றை இறக்கி வைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்தச் சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அவளுக்கு இடுப்பு வலிக்கு அது சுகம்.

பிள்ளை மாசி மாதம் கொழும்பு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். டொக்டர் அம்மாவே தூக்கிக் காட்டினார். இராஜநாயகம் வெள்ளவத்தையில் இருந்து ஒரு கிலுகிலுப்பை வாங்கி, அதே தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சாவடியில் அதையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்களாம்.

பிள்ளைக்குக் கிலுகிலுப்பை பெரிதாகப் பிடிக்கவில்லை. அழும்போது ஆறாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சூடான சுவரோடு நிற்பாள். அப்பால் உலைக் கதவு மூடுகிற சத்தம் மெல்லக் கேட்கும். பிறகு தூணில் ஒரு தட்டு. பிள்ளை அழுகையை நிறுத்திக் காது கொடுக்கும். ஆறாயி அகப்பையைத் தேடுவாள்.